விதைக்கரும்பும் கரும்பின் விதையும்: கோயம்புத்தூர் நாற்றுப் பாத்திகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

(சற்று நீண்ட பதிவு. வேளாண் வரலாறு, சொல்வரலாறு ஆகியவற்றில் ஆர்வமுள்ள மாணவர்கள் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.)

கரும்புச் சாகுபடியில் ‘விதைக்கரும்பு’ என்றொரு சொல் வழங்குகிறது. வேளாண் துறைக் கையேடுகளிலும் சர்க்கரை ஆலைகளின் அறிவிப்புகளிலும் உழவர் பேச்சிலும் அதற்கு ஒரே பொருள்தான். நடவுக்கென ஒதுக்கி வளர்த்த கரும்பை வெட்டி, இரண்டு மூன்று பருக்கள் கொண்ட கரணைகளாக நறுக்கிப் பாத்தியில் ஊன்றுவார்கள். அந்தக் கரணைக்கு மூலமான கரும்பே விதைக்கரும்பு. சொல்லில் விதை உண்டு, பொருளில் இல்லை. அண்மைக் காலத்தில் ஒற்றைப் பருவை மட்டும் சீவி எடுத்துக் குழித்தட்டுகளில் முளைக்க வைக்கும் ‘பருசீவல் நாற்று’ முறை பரவியிருக்கிறது. இங்கே ‘நாற்று’ என்ற சொல்லும் இடம் மாறிவிட்டது. விதை, நாற்று ஆகிய இரு சொற்களும் கரும்பு வயலில் ஏற்கெனவே உள்ள செடியின் படியையே குறிக்கின்றன.

நெல்லில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்கிறது. ஆகவே நிலைபெற்ற ஒரு நெல் ரகத்தின் விதை அந்த ரகத்தையே திருப்பித் தருகிறது. மா வேறு வகை. நல்ல மாம்பழத்தின் கொட்டையை ஊன்றினால் அதே பழம் கிடைக்கும் என்ற உறுதியில்லை என்பதை அறிந்தே நம் தோட்டக்காரர்கள் ஒட்டுக்கன்றை நாடுகிறார்கள். இந்தக் குணத்தில் மாவையும் விஞ்சியது கரும்பு. ஒரே பூங்கதிரில் விளைந்த நூறு விதைகளை முளைக்க வைத்தால் நூறும் நூறு விதமாக இருக்கும். தடிப்பு, உயரம், தூர்களின் எண்ணிக்கை, சாற்றின் இனிப்பு, நோய் தாங்கும் திறன் என ஒவ்வொன்றிலும் உடன்பிறந்த நாற்றுகள் வேறுபடும்.

இந்த வேறுபாட்டின் மீதுதான் நவீன இந்தியாவின் சர்க்கரைத் தொழில் எழுந்தது. கோயம்புத்தூர்க் கரும்பின் வரலாறு இதுவரை பெரும்பாலும் வென்ற ரகங்களின் வரலாறாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அதை நாற்றுப் பாத்திகளின் வரலாறாகப் படித்தால் இன்றைய ஒரு சிக்கல் தெளிவாகும் என்பது என் எண்ணம்.

1. மர்பி டவுன் சந்தையில் இரு கரும்புகள்

நான் வசிக்கும் மர்பி டவுன், பெங்களூருக் கன்டோன்மென்டின் உழைப்பாளர்களுக்கென அல்சூரை ஒட்டித் திட்டமிட்டுக் கட்டப்பட்ட குடியிருப்பு. முதலில் நாக்ஸ்பேட்டை என்றிருந்த இதற்குப் பின்னர் மர்பி என்ற பொறியாளரின் பெயர் அமைந்தது. தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. தை பிறக்கும் வாரத்தில் இப்பகுதித் தெருக்களில் கரும்பு ஒரே நேரத்தில் இரண்டு பண்பாடுகளின் பொருளாகிறது. தமிழர் வீட்டுப் பொங்கலுக்கு முழுக்கரும்பு வேண்டும். கன்னடர் வீட்டுச் சங்கராந்திக்கு எள்ளு வெல்லத்தோடு துண்டுக் கரும்பு வேண்டும். தமிழில் ‘கரும்பு’, கன்னடத்தில் ‘கப்பு’. பழங்கன்னட வடிவமான ‘கர்பு’ இரண்டையும் இணைக்கிறது. கரும்பு பிழியும் பொறியைக் குறித்த ‘ஆலை’ தமிழில் பின்னாளில் எல்லாத் தொழிற்கூடங்களுக்கும் பொதுப்பெயராயிற்று. கன்னடத்தின் ‘ஆலெமனெ’யோ வெல்லம் காய்ச்சும் கொட்டகை என்ற பழம்பொருளிலேயே நிற்கிறது.

சொற்கள் ஒருபுறமிருக்க, பொருளைக் கவனிப்போம். பண்டிகைக்கு வரும் கருநிறக் கரும்பு தடித்தது, மென்மையானது, பல்லால் கடித்துத் தின்னத் தக்கது. ஆலைக்குப் போகும் கரும்பு நாரும் கடினமும் மிக்கது. முன்னது ‘சக்காரம் அஃபிசினாரம்’ என்ற தடிக்கரும்பு இனத்தின் பழைய வழிவந்தது. பின்னது கடந்த நூறாண்டுகளில் உருவான கலப்பினம். அதன் உடலில் காட்டுப்புல் ஒன்றின் குருதியும் கலந்திருக்கிறது. அந்தக் கலப்பு எப்படி நேர்ந்தது என்பதே இப்பதிவின் பொருள்.

2. விதை அறியாத காலம்

அதியமானின் முன்னோர் கரும்பை இவ்வுலகுக்குக் கொண்டுவந்தனர் என்று ஔவையார் பாடியதாகப் புறநானூற்றின் 99ஆம் பாடல் அமைந்துள்ளது. தகடூர் எனப்பட்ட இன்றைய தருமபுரி அதியமான்களின் நாடு. அப்பாடலின் வரலாற்று மதிப்பு விவாதத்திற்குரியது. எனினும் கரும்பு வேறோர் இடத்திலிருந்து ‘கொண்டுவரப்பட்ட’ பயிர் என்ற நினைவை அது பேணுகிறது. தடிக்கரும்பின் தாயகம் நியூ கினி என்பதே இன்றைய தாவரவியலாளர்களின் பொதுக்கருத்து.

1800இல் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் அங்கு விளைந்த கரும்பு வகைகளைப் பதிவு செய்தார். அவற்றில் ரஸ்தாளியும் பட்டாபட்டியும் முதன்மையானவை. ரஸ்தாளி அந்நாட்டுப் பழைய கரும்பு என்றும், பட்டாபட்டி ஐதர் அலி காலத்தில் ஆற்காட்டிலிருந்து வந்தது என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. ஆற்காட்டுக் கரும்பு மைசூருக்கு வந்த விதம் எளிதில் ஊகிக்கத்தக்கது: கரணைகள் பயணம் செய்திருக்கும். ஒரு கரணையிலிருந்து ஆயிரம் கரணை, அதிலிருந்து ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே செடி. பருவில் அரிதாகத் தோன்றும் பிறழ்ச்சிகளைத் தவிர்த்தால் இங்கே புதிதாக எதுவும் பிறப்பதில்லை. எனவே அக்காலத்தில் ஒரு கரும்பின் பெயர் ஒரு தனிச் செடியின் பெயர் போன்றது. நூறு ஊர்களில் வளர்ந்தாலும் உயிரியல் நோக்கில் அது ஒரே செடிதான்.

கரும்பு பூக்கும் என்பதை உழவர் அறிந்திருந்தனர். வெண்பஞ்சு போன்ற அதன் பூங்கதிர் எளிதில் கண்ணில் படுவது. ஆனால் அது முளைக்கும் விதை தராது என்ற நம்பிக்கை உலகெங்கும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது. விதை ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அளவினது. பஞ்சுப் பிசிருக்குள் மறைந்திருப்பது. சாதாரண வெப்பத்தில் விரைவில் முளைப்புத் திறனை இழப்பது. தப்பி முளைத்தாலும் அது புல் நாற்றைப் போலவே தோன்றும். களையெடுப்பவர் கைக்கு அது களைதான்.

3. நோய் திறந்த வழி

ஜாவாவில் சோல்ட்வெடல் 1887இலும், பார்படோசில் ஹாரிசன், போவெல் இருவரும் 1888இலும் கரும்பு நாற்றுகளைக் கண்டு, விதையிலிருந்து கரும்பை வளர்க்க முடியும் என்று நிறுவினர். ஜாவாவின் தோட்டங்களை அப்போது ‘செரே’ என்ற நோய் அழித்துக்கொண்டிருந்தது. ஒரே செடியின் படிகள் பரந்த நிலப்பரப்பை நிரப்பியிருக்கும்போது அச்செடியை வீழ்த்தும் நோய்க்கு எந்த வேலியும் இல்லை. நோயுற்ற கரும்பின் கரணை நோயையும் சேர்த்தே சுமக்கும். விதை என்ற புதிய வழியின் தேவை அங்கேதான் முதலில் உணரப்பட்டது.

சென்னை மாகாணத்தின் பட்டறிவும் இதுவே. கோதாவரிக் கழிமுகத்தின் கரும்பு வயல்களைச் செவ்வழுகல் நோய் தாக்கியது. நோயுற்ற கரும்பைப் பிளந்தால் உள்ளே செந்நிறமும் இடையிடையே வெண்திட்டுகளும் தெரியும். புளித்த வாடை எழும். அந்தச் சிக்கலை ஆராய்ந்தவர்களில் ஒருவர் மாகாண அரசின் தாவரவியலாளர் சி. ஏ. பார்பர். ஜாவாச் சர்க்கரையின் இறக்குமதி பெருகி உள்நாட்டுத் தொழில் தடுமாறிய சூழலில், 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. பார்பர் அதன் முதல் வல்லுநர். அவரோடு பணியாற்றி 1919இல் பொறுப்பேற்றவர் திருவாதி சாம்பசிவ வெங்கடராமன்.

வட இந்தியாவுக்கான கரும்பைத் தென்னிந்தியாவில் ஏன் உருவாக்க வேண்டும்? விடை தட்பவெப்பத்தில் இருக்கிறது. கரும்பு அதிகம் பயிராகும் கங்கைச் சமவெளியில் அது பூப்பது அரிது; பூத்தாலும் குளிரில் மகரந்தமும் விதையும் சரியாக அமைவதில்லை. கோயம்புத்தூரில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பலவகைக் கரும்புகள் பூத்து விதை பிடிக்கின்றன. இந்த ஒரு காரணம் நொய்யல் ஆற்றங்கரை ஊரைத் துணைக்கண்டம் முழுமைக்கும் கரும்பின் பிறப்பிடமாக்கிற்று.

4. ‘வெள்ளை’யும் காட்டுப்புல்லும்

1912இல் செய்யப்பட்ட கலப்பு ஒன்றில் தாய் தென்னாட்டுத் தடிக்கரும்பு. ‘வெள்ளை’ என்பது அதன் பெயர். தந்தை கோயம்புத்தூர்ப் பகுதியில் தானாக வளரும் ‘சக்காரம் ஸ்பான்டேனியம்’. நாணல் என்றும் பேய்க்கரும்பு என்றும் வழக்கில் சொல்லப்படும் மெல்லிய காட்டுப்புல். சாற்றில் இனிப்பு குறைவு. ஆனால் குளிர், வறட்சி, நீர்த்தேக்கம், நோய் ஆகியவற்றைத் தாங்கும் ஆற்றல் உண்டு. உழவன் வரப்பிலிருந்து பிடுங்கி எறியும் செடியை இனிப்புக்காக வளர்க்கும் பயிரோடு சேர்ப்பது அக்காலத்தில் வியப்புக்குரிய முடிவு. அந்தக் கலப்பில் முளைத்த நாற்றுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதே கோ 205. 1918இல் பஞ்சாபுக்கு வழங்கப்பட்ட இது, அங்கு வழங்கிய ‘காத்தா’ கரும்பைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது.

மொழியியல் மாணவனாக என்னை ஈர்க்கும் செய்தி ஒன்றுண்டு. உலகெங்கும் கரும்பு ஆய்வாளர்கள் வரையும் மரபுக் கொடிவழிகளில் ‘வெள்ளை’ என்ற தமிழ்ச்சொல் அப்படியே நிற்கிறது. அந்தக் கரும்பைப் பேணியவர் யார் என்று எந்தக் கொடிவழியும் சொல்வதில்லை. அவர்கள் இட்ட பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது.

குரோமோசோம் கணக்கு இக்கலப்பின் இயல்பை இன்னும் தெளிவாக்கும். ‘வெள்ளை’யில் 80, கோயம்புத்தூர்க் காட்டினத்தில் 64. வழக்கமான கலப்பில் இரு பெற்றோரும் பாதிப் பாதி தர வேண்டும். 40உம் 32உம் சேர்ந்து 72 ஆக வேண்டும். கோ 205இல் இருப்பவையோ 112. தாய் தன் 80ஐயும் முழுமையாகத் தந்திருக்கிறது. தந்தை மட்டுமே பாதியைத் தந்திருக்கிறது. இத்தகைய செடி அடுத்த தலைமுறைக்கு மகரந்தமும் சூலும் உருவாக்கும்போது அவை எண்ணற்ற விதமாகப் பங்கிடப்படுகின்றன. கரும்பு நாற்றுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லாமைக்கு இதுவே அடிப்படை. ஆர் 570 என்ற கலப்பினக் கரும்பின் மரபணுத் தொகுதி ‘நேச்சர்’ இதழில் 2024இல்தான் வெளிவந்தது. இத்தனை காலம் பிடித்ததற்கும் இந்தச் சிக்கலான அமைப்பே காரணம்.

5. பாத்தியில் நடப்பது

இனி நாற்றுப் பாத்திக்கு வருவோம். கரும்பின் பூ மிகச் சிறியது. ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பையை நீக்குவது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆகவே மகரந்தம் வலுவற்ற கரும்பைத் தாயாகவும் வலுவுள்ளதைத் தந்தையாகவும் தேர்கிறார்கள். பூங்கதிர்களை உறையிட்டுத் தனிமைப்படுத்தி, தந்தைக் கதிரை மேலே அமைத்து மகரந்தம் உதிரச் செய்கிறார்கள். சில வாரங்களில் விதை முற்றியதும் கதிரிலிருந்து பஞ்சோடு சேர்த்து உதிர்த்தெடுக்கிறார்கள். இதற்கு உழவர் வழக்கில் பெயரில்லை. ஆய்வாளர்கள் ‘ஃபஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லையே ஆள்கிறார்கள். விதையைப் பஞ்சிலிருந்து பிரிக்காமல், மணலும் மட்கிய எருவும் கலந்த தட்டுகளில் மெல்லிய படலமாகப் பரப்பி, ஈரம் காயாமல் வைத்தால் சில நாட்களில் பசுமுளைகள் தோன்றும்.

அதன் பிறகு தொடங்குவது நீக்கும் வேலை. நாற்றுகள் தனித்தனியே வயலில் நடப்படுகின்றன. முதல் சுற்றில் நோயுற்றவை, மெலிந்தவை, உள்ளே சக்கைக் குழி விழுந்தவை கழிகின்றன. எஞ்சியவை கரணைகளாக நறுக்கப்பட்டு அடுத்த சுற்றுக்குச் செல்கின்றன. அந்த நொடியில் நாற்று ‘படி’யாகிறது, இனி அதில் வேறுபாடு பிறக்காது. மறுதாம்பில் எப்படித் தழைக்கிறது, சாறு எந்த மாதத்தில் முதிர்கிறது, செவ்வழுகல் பூஞ்சையைச் செலுத்தினால் தாங்குகிறதா என ஆண்டுக்கணக்கில் சோதனை தொடரும். விதைத்த நாள் முதல் உழவர் கைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். பல ஆயிரம் நாற்றுகளில் ஒன்று எண் பெறும். எண் முறையிலேயே காலம் பொதிந்திருக்கிறது: தென்னிந்தியாவில் பரவிய கோ 86032 என்றால் 1986ஆம் ஆண்டின் 32ஆம் தேர்வு.

ஒரே விதைத் தொகுதி வேறு மண்ணில் வேறு தேர்வைத் தரும் என்பதற்கும் சான்றுண்டு. கோ 421, கோ 312 இரண்டையும் கோயம்புத்தூரில் கலந்து கிடைத்த விதை 1930களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு அனுப்பப்பட்டது. அங்கு முளைக்க வைத்த நாற்றுகளிலிருந்து தேர்ந்ததே என்.கோ. 310. நேட்டாலின் முதலெழுத்தையும் கோயம்புத்தூரின் முதலெழுத்துகளையும் ஒருங்கே தாங்கிய அந்தக் கரும்பு தைவான் வரை பரவியது. ஜாவாவின் பி.ஓ.ஜே. 2878ஐக் கோ 290உடன் சேர்த்துப் பிறந்த கோ 419 தென்னிந்தியாவில் நெடுங்காலம் கோலோச்சியது.

மைசூர் அரசும் இவ்வழியில் சென்றது. மர்பி டவுனுக்குச் சில கிலோமீட்டர் வடமேற்கே உள்ள ஹெப்பால் பண்ணையில் நாற்றுக் கரும்பு வளர்க்கப்பட்டது, எச்.எம். 320 போன்ற ரகங்களின் முதலெழுத்துகள் ஹெப்பாலையும் மைசூரையும் குறிப்பவை. 1933இல் தொடங்கிய மண்டியாச் சர்க்கரை ஆலையின் சுற்றுவட்டாரத்தில் அவை விளைந்தன. புக்கானன் கண்ட ரஸ்தாளியும் பட்டாபட்டியும் மெல்ல வயலை விட்டு விலகின.

6. ஜானகி அம்மாளின் கேள்வி

1934இல் கோயம்புத்தூர் நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தவர் தலச்சேரியில் பிறந்த இ. கே. ஜானகி அம்மாள். கரும்பைப் பிற புல்லினங்களோடு கலந்து, அக்கலப்பினங்களின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பும் மக்காச்சோளமும் சேர்ந்த கலப்பினம் பற்றி 1938இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். நிலையத்தின் கடமை ஆலைக்கேற்ற ரகத்தைத் தருவது. ஜானகி அம்மாளின் கவனமோ வேறுபாடு எங்கிருந்து வருகிறது, அதன் எல்லை எது என்பதில் குவிந்திருந்தது. ‘சக்காரம் ஸ்பான்டேனியம்’ இனத்தில் குரோமோசோம் எண்ணிக்கை 40 முதல் 128 வரை இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதை இன்று அறிவோம். ஆற்றங்கரைகளில் ஒரே புல்லாகத் தோன்றுவது உண்மையில் பல மரபுகளின் தொகுதி. 1939இல் இங்கிலாந்து சென்ற அவர் போர்க்காலத்தை அங்கேயே கழித்தார், சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து எழுதிய பயிர்த் தாவரக் குரோமோசோம் தொகுப்பு 1945இல் வெளியாயிற்று.

7. மீண்டும் ஒரே செடி

1932ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சுங்க வரியும் கோ ரகங்களும் சேர்ந்து, முப்பதை ஒட்டியிருந்த ஆலைகளின் எண்ணிக்கையைச் சில ஆண்டுகளில் நூறுக்கு மேல் உயர்த்தின. வழக்கமான வரலாறு இங்கே வெற்றியோடு முடியும். நாற்றுப் பாத்தியிலிருந்து பார்ப்பவர்க்கு இது கதையின் பாதியே.

கோயம்புத்தூர் நிறுவனத்தின் கர்னால் மையத்தில் உருவான கோ 0238, 2009இல் வெளியிடப்பட்டது. விளைச்சலும் சர்க்கரைச் சத்தும் ஒருங்கே மிக்க அந்த ரகம் ஆலைக்கும் உழவருக்கும் ஒருசேர ஆதாயம் தந்தது. 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அது ஒன்றே நின்றது. அதாவது இருபது லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஒரே நாற்றின் படிகள். அதன் பின் செவ்வழுகல் பரவியது. பூஞ்சை ஒரு செடியைத் தாக்கும் வழியைக் கற்றுக்கொண்டால் போதும். எல்லாச் செடியும் அச்செடியே. நூறாண்டுக்கு முன் கோதாவரியில் நிகழ்ந்தது, அறிவியல் வளர்ந்த காலத்தில் கங்கைச் சமவெளியில் வேறோர் அளவில் நிகழ்ந்தது. நட்டம் அடைந்தவர்கள் சிறு உழவர்கள்.

இதற்கு இனப்பெருக்க ஆய்வாளர்களைக் குறைகூற இயலாது. அவர்கள் ஆண்டுதோறும் வேறுபாட்டைப் பாத்தியில் விளைவிக்கிறார்கள். நாட்டின் பல மாநில நிலையங்கள் தங்களுக்கான கலப்புகளைக் கோயம்புத்தூர்க் கலப்பினத் தோட்டத்தில் செய்து விதையை எடுத்துச் செல்கின்றன. கண்ணூர் மையத்தில் பழைய தடிக்கரும்புகளும் காட்டினங்களும் பெருந்தொகுப்பாகப் பேணப்படுகின்றன. வேறுபாடு சுருங்குவது பாத்திக்கும் வயலுக்கும் இடையில்தான்: ஆலையின் கொள்முதல் விருப்பம், ஒரே நாளில் முதிரும் வயலின் வசதி, விதைக்கரும்பு விற்பனை ஆகியவை கூடி ஒற்றை எண்ணை நோக்கித் தள்ளுகின்றன. ஆகவே, ஒரு வட்டாரத்தில் எத்தனை ரகங்கள் நிற்கின்றன என்பது உயிரியல் கேள்வியாக இருக்கும் அளவுக்குப் பொருளியல் கேள்வியுமாகும். வேளாண் வரலாற்றை ஆய்பவர்கள் ஆலைகளின் கொள்முதல் பதிவேடுகளை இந்த நோக்கில் வாசிக்க வேண்டும். எந்த ஆண்டில் எந்த ரகம் எத்தனை விழுக்காடு என்ற கணக்கு, வரவிருந்த நோயின் முன்வரலாறாகவும் அமையும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். ரஸ்தாளி, பட்டாபட்டி, வெள்ளை போன்ற பெயர்கள் நிறம், பட்டை, தோற்றம், வந்த இடம் எனக் கரும்பின் தன்மைகளை உழவர் கண் வழியே பதிவு செய்தவை. எண்கள் வந்தபின் அச்சொற்கள் வழக்கிழந்து வருகின்றன. மண்டியா, ஈரோடு, நாமக்கல், தஞ்சாவூர், விழுப்புரம் வட்டாரங்களைச் சேர்ந்த மாணவ நண்பர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, எண்ணுக்கு முந்தைய கரும்புப் பெயர்களையும் அவை எதைக் குறித்தன என்பதையும் கருத்துப் பகுதியில் பதிந்தால் உதவியாக இருக்கும். ஊர்ப் பெயரும், அந்தப் பெயர் ஏறத்தாழ எந்தக் காலம் வரை வழங்கியது என்பதும் சேர்ந்திருந்தால் வட்டார வாரியாக ஒப்பிட இயலும்.